டிக்ரி கிடைத்தது, பணம் எங்கே?

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் முன்பு ஒரு கணக்கு வைக்கப்பட்டது. நாட்டின் ஜில்லாக் கோர்ட்டுகளில் 8,82,578 நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன என்பது அந்தக் கணக்கு. நிறைவேற்று மனு இன்னதென்பதை நமது நேயர்களில் பலர் சொந்தச் செலவிலேயே கற்றிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்லுவோம். வழக்குத் தொடுத்து, சாட்சியம் கொடுத்து, வாதாடித் தீர்ப்பும் பெற்றுவிட்ட ஒருவர், அந்தத் தீர்ப்பின்படி தமக்குச் சேர வேண்டியதை வாங்கித் தரும்படி மறுபடியும் கோர்ட்டில் போட வேண்டியிருக்கும் மனுவுக்கு அந்தப் பெயர். ஆகவே, மேற்படி எட்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட மனுக்களில் ஒவ்வொன்றின் பின்னாலும் ஏற்கெனவே ஜயித்துவிட்ட ஒரு மனிதர் காத்து நிற்கிறார். மகாராஷ்டிரத்தின் பங்கு மூன்று லட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேல். அதற்கடுத்த ஸ்தானம் நமது தமிழ்நாட்டுக்கு. இங்கே 86 ஆயிரத்துக்கு அதிகமான மனுக்கள்.

இந்தக் கணக்கு எடுக்கப்படுவதற்குக் காரணமாயிருந்ததும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்குத்தான். 1980-இல் எழுதப்பட்ட ஒரு விக்கிரய ஒப்பந்தத்தைப் பற்றிய விவகாரம் அது. கோர்ட்டுப் படிகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, டிக்ரி பெற்றவர்களும் காலஞ்சென்று, வாரிசுகள் நின்று நடத்தும் நிலைமைக்கு வந்து, கடைசியில் 2025 மார்ச்சு 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதற்கு முடிவு கட்டிற்று. அந்தச் சமயத்தில்தான் எல்லா ஹைகோர்ட்டுகளும் தத்தம் ஆளுகைக்குட்பட்ட நிறைவேற்று மனுக்களைக் கணக்கெடுத்து, ஆறு மாதத்துக்குள் முடிக்கச் செய்ய வேண்டுமென்று உத்தரவாயிற்று. ஆறு மாதத்தில் 3,38,685 மனுக்கள் முடிந்தன. மிச்சமிருப்பதே முன்சொன்ன தொகை. அதைப் பார்த்துக் கோர்ட்டார் மிகுந்த ஏமாற்றம் தெரிவித்தார்கள். முடிந்தவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமீனாவுக்குப் படிப்பணம் கட்டாததால் தள்ளுபடியான மனுவும், டிக்ரிதாரர் சலித்துப்போய் வராததால் முடித்துக் கட்டப்பட்ட மனுவும், ரூபாய் வசூலான மனுவும் கோர்ட்டுக் குறிப்பேட்டில் ஒரே இனமாகத்தான் எண்ணப்படுகின்றன. மனுக்களை எண்ணுகிறோம், டிக்ரிதாரரின் கைக்குப் போய்ச் சேர்ந்த ரூபாயை எண்ணும் வழக்கம் நமது கோர்ட்டுகளில் இல்லை.

இது புதிதாக வந்த வியாதியன்று. 1872-இல் தர்பங்கா சமஸ்தானத்து மானேஜர் நடத்திய ஒரு வழக்கில் லண்டனிலிருந்த பிரிவி கவுன்ஸில், இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் ஆரம்பமாவதே டிக்ரி வாங்கிய பிறகுதான் என்ற கருத்தை எழுதி வைத்தது. அதற்குள்ளாகவே அது பழைய பேச்சாகிவிட்டதென்றும் அதில் கண்டிருக்கிறது. நமது வக்கீல்கள் ஒன்றரை நூற்றாண்டாக அந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டி வருகிறார்கள். நீதிபதிகளும் ஒப்புக்கொண்டு வருகிறார்கள். ஆனால், அதற்கு மூன்று வருஷங்களுக்குப் பின் நடந்ததை எடுத்துக் காட்டுவோர் குறைவு. 1875 மே மாதத்தில் பூனா ஜில்லாவில் சூபா என்னும் ஊரில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அஹமத்நகர் ஜில்லாவிலும் கலகம் பரவிற்று. லேவாதேவிக்காரர்களின் வீடுகளில் அவர்கள் முக்கியமாகத் தேடியவை கடன் பத்திரங்களும் டிக்ரிகளுமே. அவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். டிக்ரி நிறைவேறுவதில்லை என்று லண்டனில் குறைப்பட்டுக் கொண்டிருந்த அதே காலத்தில், தக்காணத்து ரயத்தின் நிலமும் மாடும் டிக்ரியின் பேரால் நிறைவேறிப் போய்க்கொண்டுதான் இருந்தன. வலியவன் கடனாளியானால் தாமதமும், எளியவன் கடனாளியானால் வேகமும் அன்றே ஏற்பட்டுவிட்டன. இன்றைய நிலைமையை ஆராயும்போது இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

டிக்ரி வாங்கியவர் படும் பாட்டை ஒரு உதாரணத்தால் விளக்குவோம். ஜவுளி வியாபாரி ஒருவர் புரோநோட்டின் பேரில் இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தார், அது திரும்பவில்லை, வழக்குப் போட்டு டிக்ரியும் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். டிக்ரியைக் காட்டியதும் கோர்ட்டு தானாகப் பணம் வசூலித்துக் கொடுத்துவிடாது. கடனாளிக்கு என்ன ஆஸ்தி உண்டு, எந்தப் பாங்கியில் கணக்கு உண்டு, எந்தச் சர்வே நம்பரில் நிலம் உண்டு என்பதை டிக்ரிதாரரே துப்பறிந்து மனுவில் எழுத வேண்டும். டிக்ரி ஆகி இரண்டு வருஷம் கடந்திருந்தால் மறுபடியும் நோட்டீசு அனுப்ப வேண்டும். நோட்டீசு போகும், ஆள் ஊரில் இல்லையென்று திரும்பும். ஜப்தி வாரண்டு பிறக்கும், அமீனா செல்வார், கதவு பூட்டியிருந்ததென்று ரிப்போர்ட்டு எழுதுவார். சூரியாஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் குடியிருக்கும் வீட்டில் நுழையலாகாது என்பது சட்டம். கடனாளிக்கு இந்தச் சட்டம் வக்கீலைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியில் ஒரு வீடோ நிலமோ அகப்பட்டு ஜப்தியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கடனாளியின் மைத்துனர் தோன்றுவார். அல்லது சம்சாரம் தோன்றுவார். சொத்து எங்களுடையது, எப்போதோ கிரயம் ஆகிவிட்டது என்று 21-ஆம் கட்டளை 58-ஆம் விதியின் கீழ் ஒரு மனு வரும். அந்த மனுவின் மேல் பிறக்கும் உத்தரவுக்கு டிக்ரியின் அந்தஸ்து உண்டு. ஆகவே அதன் மேல் அப்பீல் உண்டு. ஒரு வழக்கின் வயிற்றிலிருந்து இன்னொரு வழக்குப் பிறந்துவிடுகிறது. இதற்கிடையில், முன்பு சம்மன் வந்தபோதெல்லாம் ஆஜராகாமலிருந்த கடனாளி, அமீனாவைக் கண்டவுடன் விழித்துக்கொண்டு, டிக்ரி எக்ஸ்பார்ட்டியாக ஆகிவிட்டது, ரத்து செய்ய வேண்டுமென்று தனியாக ஒரு மனுப் போடுவார். இவற்றையெல்லாம் தாண்டி ஏலம் வரை வந்தால், தமுக்கு அடித்து விளம்பரம் செய்ய வேண்டும். சொத்தின் மதிப்பைப் பற்றி ஒரு சண்டை. கேட்பாரில்லையென்று இரண்டு மூன்று தடவை ஒத்திவைப்பு. ஏலம் முடிந்த பிறகும், விளம்பரத்தில் குற்றம் என்று அதை ரத்து செய்யக் கோரலாம். தோற்றவன் கோர்ட்டிலேயே அழுதான், ஜயித்தவன் வீட்டுக்குப் போய் அழுதான் என்று நமது ஜனங்கள் சொல்லிக்கொள்வது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல.

சொத்து வேறு ஜில்லாவில் இருந்துவிட்டால் டிக்ரியை அங்குள்ள கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும். அங்கே வேறு வக்கீல், வேறு அமீனா. இதை விவரிக்க வேண்டியதில்லை.

கடனாளியைச் சிறைக்கு அனுப்பலாமே என்று கேட்கலாம். ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கு மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு. அங்கே கடனாளியின் சாப்பாட்டுச் செலவுக்கு முன்பணம் கட்ட வேண்டியவர் டிக்ரிதாரர்! மேலும், 1936-ஆம் வருஷத் திருத்தத்தின் பிறகு, கொடுக்க வழியிருந்தும் கொடாமலிருந்தான், அல்லது சொத்தை மோசமாக மறைத்தான் என்பன போன்றவற்றை ரூபித்தால்தான் சிறைக்கு அனுப்பலாம். 1980-இல் கொச்சிப் பாங்கி ஒன்றின் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இதை இன்னும் உறுதிப்படுத்தினார். கையில் இல்லாத காரணத்தாலேயே ஒருவனைச் சிறையில் தள்ளுவது நமது அரசியலமைப்புக்கும் மனித கௌரவத்துக்கும் விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். உழவனின் ஏரையும் மாட்டையும் விதை நெல்லையும், கைத்தொழிலாளியின் கருவிகளையும், சமையல் பாத்திரத்தையும், தாலியையும் ஜப்தி செய்யலாகாது என்ற 60-ஆவது பிரிவையும் ஆதரிக்கிறோம். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்பதும் நியாயமே. அந்த ஆயிரம் இன்றைய விலைவாசிக்குப் போதாது என்பதே நமது அபிப்பிராயம். டிக்ரியை விரைந்து நிறைவேற்ற வேண்டுமென்று நாம் எழுதுவது ஏழையின் பாத்திரத்தை ஏலம் போடுவதற்காக அல்ல. ஏழையின் பேரால் ஏற்பட்ட ஒவ்வொரு பாதுகாப்பின் பின்னாலும் மாடி வீட்டுக் கடனாளி வந்து ஒளிந்துகொள்கிறார், அவருக்காக எழுதுகிறோம்.

அவருக்குத் தாமதம் வெறும் சௌகரியம் மாத்திரமல்ல, லாபமுங்கூட. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, டிக்ரிக்குப் பிந்திய வட்டியைச் சாதாரணமாக வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு என்று வரம்பு கட்டுகிறது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலுக்கு அதைவிட அதிகம் கொடுக்கலாம் என்றாலும், கோர்ட்டுகள் பெரும்பாலும் ஆறோடு நின்றுவிடுகின்றன. இரண்டு லட்சத்துக்கு வருஷ வட்டி 12,000 ரூபாய். அதே இரண்டு லட்சத்தைக் கடைத்தெருவில் மாதம் நூற்றுக்கு இரண்டு வீதம் கடனுக்கு விட்டால் வருஷத்தில் 48,000 ரூபாய் வரும். டிக்ரியைக் கொடாமல் இழுத்தடிக்கும் புத்திசாலிக்கு வருஷந்தோறும் 36,000 ரூபாய் மிச்சம். வக்கீல் பீசு போகவும் கையில் நிற்கும். ஈடில்லாத கடனை ஆறு வட்டிக்குக் கொடுக்கும் பாங்கி நாட்டில் ஒன்றும் இல்லை. தோற்ற பிரதிவாதிக்கு ஜயித்த வாதியே கொடுக்கிறார், தம் இஷ்டத்துக்கு விரோதமாக.

இனி, சட்டம் செய்தவர்கள் தங்களுக்கு என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பதைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் நமது மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். சர்க்காருக்கு வர வேண்டிய பாக்கியை வசூலிக்க, அந்நிய ஆட்சியார் 1864-ஆம் வருஷத்திலேயே வருவாய் வசூல் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டார்கள். வழக்கில்லை, டிக்ரியில்லை, நிறைவேற்று மனுவுமில்லை. கலெக்டரின் நோட்டீசு, பிறகு ஜப்தி, பிறகு ஏலம். அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கிறது. சுதந்திரம் வந்த பிறகு பாங்கிகள், சிவில் கோர்ட்டில் எங்களால் காத்திருக்க முடியாது என்று முறையிட்டன. உடனே 1993-இல் கடன் வசூல் டிரிப்யூனல்கள் ஏற்பட்டன. அதுவும் போதாதென்று 2002-இல் ஸர்பாஸி சட்டம் வந்தது. அடமானம் வைத்தவனுக்கு அறுபது நாள் நோட்டீசு கொடுத்துவிட்டுப் பாங்கியே சொத்தைச் சுவாதீனம் எடுத்து விற்றுக்கொள்ளலாம். விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று விலக்களித்தது மட்டும் ஆறுதல். சர்க்காருக்கு ஒரு பாதை, பாங்கிக்கு ஒரு பாதை. ஜவுளி வியாபாரிக்கும், சம்பள பாக்கிக்கு வழக்காடிய குமாஸ்தாவுக்கும், ஜீவனாம்ச டிக்ரி பெற்ற பெண்ணுக்கும் 1908-ஆம் வருஷத்து வண்டிப் பாதை. சிவில் கோர்ட்டு வேலைக்காகாது என்பதைச் சட்டசபைகளே இந்தத் தனிச் சட்டங்களின் மூலம் ஒப்புக்கொண்டுவிட்டன. ஒப்புக்கொண்ட பின், தங்களுக்கு மட்டும் மாற்று வழி தேடிக்கொண்டு மற்றவர்களை அங்கேயே விட்டு வைத்ததற்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார்கள்?

சர்க்காரே கடனாளியாக நிற்கும்போது காட்சி இன்னும் விசேஷமானது. சர்க்காரின் மேல் வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்பு. டிக்ரி ஆனபின் அதை நிறைவேற்றக் கோர மூன்று மாதப் பொறுமை. அப்பீலில் டிக்ரியை நிறுத்தி வைக்கக் கோரும்போது மற்றவர்கள் கட்ட வேண்டிய ஜாமீன் சர்க்காருக்கு வேண்டியதில்லை. இவ்வளவு சலுகையும் பெற்ற சர்க்கார் எப்படிக் கொடுக்கிறது? பொதுக் காரியத்துக்கென்று நிலத்தை எடுத்துக்கொண்டு, கோர்ட்டு உயர்த்திக் கொடுத்த நஷ்டஈட்டை வருஷக்கணக்காகக் கொடாமல் வைத்திருக்கிறது. அமீனா போய்க் கலெக்டர் ஆபீசு நாற்காலி மேஜைகளையும் ஜீப்பையும் ஜப்தி செய்யப் புறப்பட்டார் என்ற செய்தி நமது ஜில்லா நிருபர்களுக்குச் சலித்துப்போன செய்தி. விபத்தில் கைகால் இழந்தவருக்கும், மாண்டவரின் குடும்பத்துக்கும் டிரிப்யூனல் கொடுக்கச் சொன்ன தொகைக்காகச் சர்க்கார் பஸ்ஸைப் பிரயாணிகளோடு நிறுத்தி, அவர்களை இறக்கிவிட்டுக் கோர்ட்டு வாசலுக்கு ஓட்டிச் செல்லும் காட்சியையும் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை. பஸ்ஸைப் பிடித்த சில நாட்களுக்குள் பணம் வந்துவிடுகிறது. ஆகவே பணம் இருந்தது. கொடுக்க வேண்டுமென்ற எண்ணந்தான் இல்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? நிலம் எடுத்த வழக்குகளில் நஷ்டஈட்டுக்குச் சட்டமே வட்டி விகிதம் கட்டியிருக்கிறது. சுவாதீனம் எடுத்த முதல் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்பது, அதற்கப்பால் பதினைந்து. பழைய 1894-ஆம் வருஷச் சட்டத்திலும் இப்படியே இருந்தது. 2013-ஆம் வருஷச் சட்டத்திலும் இப்படியே. ஒரு கோடி ரூபாயை ஓர் உத்தியோகஸ்தர் ஒரு வருஷம் மேஜையில் வைத்திருந்தால் பொக்கிஷத்துக்குப் பதினைந்து லட்சம் நஷ்டம். அந்தப் பதினைந்து லட்சம் வரி கொடுப்பவனுடையது. நிலம் இழந்தவனும் வரி கொடுப்பவன்தான் என்பதால், தனக்கு வர வேண்டிய வட்டியில் ஒரு பங்கை அவனே கொடுத்துக்கொள்கிறான். பைலை வைத்திருந்தவரோ இதற்குள் வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

கோர்ட்டு டிக்ரியில் காரியம் நடக்காது என்று கண்ட ஜனங்கள் சும்மா இருந்துவிடுவதில்லை. 1989-இல் அமுலுக்கு வந்த செக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வெற்றுச் செக்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சிவில் பாக்கியை வசூலிக்கக் கிரிமினல் கோர்ட்டைத் தேடுகிறார்கள். அங்கேயும் இப்போது கூட்டம் தாங்கவில்லை. அதற்கும் வசதியற்றவர்கள் கட்டைப் பஞ்சாயத்துக்காரரிடம் போகிறார்கள். அவர் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை ஒரு வாரத்தில் கொடுக்கிறார். சட்டப்படி காத்திருந்தால் பன்னிரண்டு வருஷம் வரை டிக்ரிக்கு உயிர் உண்டு, கையில் ஒன்றுமில்லை. பேட்டை ரௌடியிடம் போனால் பாதியாவது உண்டு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் சாமானிய மனிதனை நாம் குறை கூறத் தயாராயில்லை. ஆனால், அவன் அவ்வாறு போகும் ஒவ்வொரு தடவையும் ராஜ்யத்தின் அதிகாரத்தில் ஒரு துண்டு பேட்டைக்கு மாறுகிறது. ரௌடிகளை அடக்குவோம் என்று மேடைகளில் முழங்கும் கட்சிக்காரர்கள், அவர்களுக்குத் தொழில் எங்கிருந்து வருகிறது என்பதை முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

பரிகாரம் தெரியாமல் இல்லை. 2021 ஏப்ரல் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் தெளிவான விதிகளை வகுத்துக் கொடுத்தார்கள். வழக்கு விசாரணைக்கு முன்னரே பிரதிவாதி தமது ஆஸ்திகளைப் பிரமாணத்தின் பேரில் வெளியிடும்படி கோர்ட்டு கேட்கலாம். அவசியமானால் ஜாமீன் வாங்கலாம். பணத்துக்கான டிக்ரியை வாய்மொழி விண்ணப்பத்தின் பேரிலேயே உடனே நிறைவேற்றத் தொடங்க வேண்டும். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். டிக்ரி ஆன கடனாளி ஆஸ்திக் கணக்குக் கொடாவிட்டால் மூன்று மாதம் வரை சிறையில் வைக்கலாம் என்று 41-ஆம் விதியில் முன்பே இருக்கிறது. இதில் ஏழைக்குப் பயமில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் அவனுடைய கடமை தீர்ந்தது. மறைத்து வைத்திருப்பவருக்குத்தான் பயம். அந்த விதியை எத்தனை கோர்ட்டுகள் வழக்கமாக உபயோகிக்கின்றன? டிக்ரிதாரரைத் துப்பறியச் சொல்லுவதை விட்டு, கடனாளியைப் பேசச் சொல்லுவதே முறையென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இதற்கு டில்லியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு, கட்டளை விதிகளைத் திருத்தும் அதிகாரத்தை ஹைகோர்ட்டுகளுக்கே கொடுத்திருக்கிறது. டிக்ரி ஆன முப்பதாவது நாள் ஆஸ்திக் கணக்குத் தாக்கலாக வேண்டுமென்றும், 58-ஆம் விதியின் கீழ் உரிமை கோரி வரும் உறவினர் முதலில் ஜாமீன் கட்ட வேண்டுமென்றும் சென்னை ஹைகோர்ட்டு விதி செய்யலாம். சிவில் நடைமுறை, அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ள விஷயம்; ஆகவே வட்டி விகிதத்தையும், சர்க்காருக்குள்ள மூன்று மாதச் சலுகையையும் பற்றி நமது சட்டசபையே மசோதாக் கொண்டுவரலாம். அமீனாக்களின் காலி ஸ்தானங்களை நிரப்புவதும் சென்னைக் கோட்டையில் ஆக வேண்டிய காரியம்.

வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும்போது, சர்க்காரின் மேல் ஆகிக் கொடாமலிருக்கும் டிக்ரிகளின் மொத்தத் தொகையையும், அதன் மேல் ஏறிய வட்டியையும், ஒவ்வோர் இலாகாவின் பங்கையும் ஓர் அனுபந்தமாக நிதி மந்திரி சட்டசபை மேஜையின் மேல் வைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்டால் போதும். அடுத்த கூட்டத்தில் எந்தக் கட்சி அங்கத்தினர் அதைக் கேட்கிறார் என்பதை நாம் கவனித்துக்கொண்டிருப்போம்.